சாமி மீனும் சக்கர் மீனும்

கொல்லிமலை பஸ்ஸில் மடியில் மீன் கவரை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறீர்களா? காரவள்ளி தாண்டினதும் 70 கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கும். ஒவ்வொரு வளைவிலும் கவருக்குள் தண்ணீர் ஒரு பக்கம் சாயும், மீனெல்லாம் எதிர்ப்பக்கம் ஓடும். மேலே போகப் போக கவர் வேறு உப்பிக்கொண்டே வரும். பக்கத்து சீட் அக்கா, "பாப்பா, அது வெடிச்சிராதே?" என்று நகர்ந்து உட்கார்ந்தார். கடையில் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட ஆக்சிஜன்தான். அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் பத்து சதவீதம் குறையும், உள்ளே இருக்கிற வாயு அந்த அளவுக்கு விரியும். ஸ்கூல் பிசிக்ஸ்தான். "வெடிக்காதுக்கா"ன்னு தைரியமா சொல்லிட்டேன். உள்ளே இருந்த கூட்டணியைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

இது ஃபர்ஸ்ட் இயர் பொங்கல் லீவில் நடந்தது. வீட்டில் இரண்டடி டேங்க் தயாராக இருந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணல் போட்டு, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டால் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் விட நான் வாங்கிய பட்டியல்: கோல்ட்ஃபிஷ் 2, ஏஞ்சல் 2, நியான் டெட்ரா 6, டைகர் பார்ப் 2, கறுப்பு மோலி 2, "டேங்கை இதுவே கிளீன் பண்ணிரும்" என்று சொல்லிக் கொடுத்த சக்கர் 1. "எல்லாம் ஒண்ணா இருக்குமாண்ணா?" என்று கேட்டேன். "எங்க டேங்க்லயே ஒண்ணாத்தானே இருக்கு" என்றார். பதில் சரியாத்தான் பட்டது. கடையில் ஒரு மீன் ரெண்டு நாள், மூணு நாள் இருக்கும், அப்புறம் வித்துப்போகும். ஹாஸ்டல் ரூம்மேட்டோட முதல் வாரம் யாருக்குத்தான் சண்டை வந்திருக்கு?

மீன் வாங்கப்போற யாராவது இதைப் படிக்கிறீங்கன்னா, என் 15 மீனும் எப்படிப் போச்சுங்கிறதைக் கேட்டுக்கோங்க.

முதலில் போனது நியான். மீன் விடுகிற கழிவிலிருந்து அமோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றிச் சமாளித்துவிடலாம். இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேற நாலைந்து வாரம் ஆகும். நான் டேங்கில் தண்ணீர் ஊற்றிய அன்று சாயங்காலமே 15 மீனையும் விட்டேன். அதில் கோல்ட்ஃபிஷ் ரெண்டும் தின்பதும் கழிப்பதுமாகவே இருக்கிற ஜாதி. ஒரு வாரத்தில் நாலு நியான் மிதந்தது.

அடுத்தது குளிர். இங்கேதான் எல்லா அக்வாரியம் வீடியோவும் என்னைக் கைவிட்டது. சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் ஹீட்டர் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கடைக்கு வருகிற மீன்களில் நிறைய கொளத்தூர் பக்கம் வளர்ந்தவை, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே பிறந்தவை. எங்கள் ஊரில் தை மாசக் காலையில் டேங்கில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், 17 டிகிரி. ஏஞ்சலுக்கு 24-க்குக் கீழே போனாலே ஆகாது. அது அடியில் ஒரு மூலையில் துடுப்பை ஒட்டிக்கொண்டு நின்றது, கம்பளி போர்த்திய தாத்தா மாதிரி. ரெண்டில் ஒன்று செத்தது. டைகர் பார்ப் மேலே ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி வந்தது. திடீர்க் குளிரில் மீன் சோர்ந்தால் வருகிற ஒட்டுண்ணி நோய் அது. உப்பும் சூடும் கொடுத்துத்தான் காப்பாற்றினோம். நாமக்கல் போய் 100 வாட் ஹீட்டர் வாங்கி வந்தோம். மழை பெய்தால் எங்கள் பக்கம் கரண்ட் போகும், ஹீட்டரும் போகும். தம்பி அக்வாரியத்தைச் சுற்றிச் சாக்கு கட்டுவான்.

அதே டேங்கில் கோல்ட்ஃபிஷ் ரெண்டும் குளிரில் ஜாலியாக இருந்தன. ஹீட்டர் போட்டதும்தான் அவற்றுக்குச் சுணக்கம். ஏஞ்சலுக்கு 26 வேண்டும், கோல்ட்ஃபிஷ்ஷுக்கு 20 போதும். ஒரே ரூமில் ஒருத்தருக்கு ஏ.சி., ஒருத்தருக்கு ஃபேன் மட்டும் என்கிற பஞ்சாயத்து.

மோலி செத்த காரணம் எனக்கு லேபில்தான் விளங்கியது. செகண்ட் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன். ஒயின் சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் சொட்டுச் சொட்டா விட்டு, கடைசியில பக்கத்து பெஞ்ச் ரீடிங்கைப் பாத்து எழுதுவோமே, அதேதான். அந்த வாரம் ஊரிலிருந்து வந்தபோது ஒரு பாட்டிலில் வீட்டு ஊற்றுத் தண்ணீர் கொண்டு வந்திருந்தேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணாவைக் கெஞ்சி, அதையும் ஹாஸ்டல் போர் தண்ணீரையும் அடுத்தடுத்து வைத்தேன். மலைத் தண்ணீருக்கு ரெண்டு மில்லி விடுவதற்குள் நீலம் வந்துவிட்டது. ஹாஸ்டல் தண்ணீருக்கு இருபது தாண்டியும் சிவப்பாகவே நின்றது. ஒன்றில் கால்சியம், மெக்னீசியம் பேருக்குத்தான். இன்னொன்று பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற நம்ம பழைய நண்பன்.

மோலி, கப்பி, பிளாட்டி மாதிரி குட்டி போடுகிற மீன்களுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். மென்மையான தண்ணீரில் மோலி இடத்தை விட்டு நகராமல் உடம்பை மட்டும் ஆட்டிக்கொண்டே நிற்கும். என் மோலி ரெண்டும் அப்படித்தான் நின்றன. தம்பி "டான்ஸ் ஆடுதுக்கா"ன்னு வீடியோ அனுப்பினான், நானும் ஸ்டேட்டஸ் வெச்சேன். இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு. டெட்ரா, ரஸ்போரா இனங்களுக்கு இது தலைகீழ், அவை மென்மையான தண்ணீரில் வாழ்ந்து வந்தவை. நீங்கள் சமவெளியில் போர் தண்ணீர் வீட்டில் இருந்தால் கப்பியை எடுங்கள், சண்டை சச்சரவில்லாமல் பெருகும். மலையிலோ, ஆற்றுத் தண்ணீர் வருகிற ஊரிலோ இருந்தால் பக்கம் மாறும். பக்கத்து மீனோடு ஒத்துப்போகுமா என்று கேட்பதற்கு முன்னால் நம் வீட்டுக் குழாயோடு ஒத்துப்போகுமா என்று கேட்கணும்.

சுபாவப் பிரச்சினைக்கு வருவோம். டைகர் பார்ப் கூட்டத்து மீன். ஆறு, எட்டு சேர்த்து வளர்த்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிவிட்டு அடுத்தவர்களை விட்டுவிடும். ரெண்டே ரெண்டு வாங்கினால் வம்பு பூராவும் வெளியே வரும். மிச்சமிருந்த ஏஞ்சலின் நூல் மாதிரித் தொங்குகிற துடுப்பைக் கடித்துக் கடித்துத் துடைப்பமாக்கி வைத்தன. அந்த ஏஞ்சல் பாவம் என்று நினைக்காதீர்கள். அது கையகலம் வளர்ந்த பிறகு ஒரு நாள் காலையில் கடைசி ரெண்டு நியானையும் காணோம். டேங்க் மூடித்தான் இருந்தது. வாயில் நுழைகிற எதுவும் மீனுக்குச் சாப்பாடுதான், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. வாங்கும்போது ஏஞ்சலின் வாய் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்படியே ஒன்றரை வருஷத்தில் ஏஞ்சலும் பார்ப்பும் போய், மிஞ்சியது கோல்ட்ஃபிஷ் ரெண்டும் சக்கரும். கட்டை விரல் நீளத்தில் வந்த சக்கர் இப்போது ஒரு சாணைத் தாண்டிவிட்டது. திரும்புவதற்கு வாலை மடக்க வேண்டியிருந்தது. டேங்கைக் கிளீன் பண்ணும் என்று வாங்கியது, டேங்கிலேயே பெரிய குப்பை அதுதான் போட்டது. "ஓர் இஞ்ச் மீனுக்கு ஒரு காலன் தண்ணீர்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சின்ன மீன்களுக்கு ஏதோ ஓடும். ஆனால் நீளம் பத்து மடங்கானால் எடை கனத்தில் ஏறும், ஆயிரம் மடங்கு. பத்து இஞ்ச் சக்கர் ஒன்று பத்து நியானுக்குச் சமம் என்று கணக்குப் போட்டால் பாஸ் மார்க் வராது. இந்த சக்கர் தென் அமெரிக்க ஆற்று மீன், ஓரடிக்கு மேலேயே வளரும். நம்ம ஊர் கடைகளில் ரெண்டு இஞ்சில்தான் அதைப் பார்ப்போம்.

அந்த வருஷம் ஆடி 18-க்கு ஊருக்குப் போயிருந்தேன். வல்வில் ஓரி விழா நேரம், செம்மேடே நிரம்பி வழியும். ஆயா, தம்பி, நான் மூணு பேரும் ஜீப்பில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். தம்பி மடியில் ஒரு பெயிண்ட் டப்பா. கட்டுச்சோறாக்கும் என்று நான் கேட்கவில்லை.

கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுகிற அய்யாற்று மீன்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அங்கே யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள். சாமியே மீன் உருவத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. யாரோ ஒருத்தர் பிடித்து, அறுத்து, குழம்பு வைத்தபோது துண்டுகளெல்லாம் மறுபடி பொருந்தி உயிரோடு ஆற்றுக்குத் துள்ளிப் போய்விட்டன என்று கதை. கோயிலுக்கு வருகிறவர்கள் பொரி போடுவார்கள், மீன் கூட்டம் கூட்டமாக வரும்.

கரையில் தம்பி டப்பா மூடியைத் திறந்தான். உள்ளே சக்கர்.

"ஆயாதான் சொல்லுச்சு" என்றான் உடனே.

"அந்தக் கண்ணாடிப் பெட்டில அது முட்டிக்கிட்டுக் கெடக்கறத பாக்க முடியல கண்ணு. இங்க விட்டா சாமி மீனோட மீனா பொழச்சிக்கும். புண்ணியந்தானே?" என்றது ஆயா.

வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. ஆக்கிரமிப்பு உயிரினம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஆயாவிடம் என்ன பேசுவது? "ஆயா, இது பாறையில பாசியச் சொரண்டித் திங்கிற மீனு. இங்க இருக்கிற சின்ன மீனுக்கும் அந்தப் பாசிதான் சோறு. இது ஒடம்பு பூரா ஓடு, முதுகுல முள்ளு. நம்மூர்ல எதுவும் இதைப் புடிச்சித் திங்காது. கரையில பொந்து தோண்டி முட்டை வெக்கும், கரையே சரியும்" என்றேன்.

ஆயா டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஒத்த மீனு எப்புடி கண்ணு முட்டை வெக்கும்?" என்றது.

உண்மையைச் சொல்லணும்னா அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே ஒரு சக்கரால் அய்யாறு அழிந்துவிடாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுற்றி நின்ற கூட்டத்தைக் காட்டி, "நாம ஒண்ணு விடறோம். இன்னிக்கு இவ்ளோ பேரு வந்திருக்காங்க. இதே மாதிரி பெருசாகிப் போன மீனை இன்னொருத்தர் கொண்டாந்து புண்ணியம்னு விட்டா?" என்றேன். அப்படி ஒன்றொன்றாக விட்டதில்தான் இது உலகம் முழுக்கப் போனது. ஃப்ளோரிடாவில் கால்வாய்க் கரைகளைத் துளைக்கிறது. மெக்ஸிகோவில் இன்ஃபியர்நியோ என்கிற அணையில் மீனவர்கள் வலையில் நல்ல மீன் குறைந்து இதுவே நிரம்பியது. தமிழ்நாட்டு ஏரிகளிலும் வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது, வாங்க ஆளில்லாமல் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவின் சாலக்குடி ஆற்றில் அமேசான் அராபைமா சிக்கிய செய்தி படித்திருப்பீர்கள். யாரோ எங்கோ வளர்த்தது, வெள்ளத்தில் தப்பியது. எங்கள் அய்யாறோ கோயிலோடு நிற்பதில்லை. ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலையில் இறங்கி, திருச்சி மாவட்டத்துச் சமவெளிக்குப் போகிறது. மேலே குளிர் தாங்காமல் போனாலும் கீழே அதற்குப் பிடித்த வெதுவெதுப்பு காத்திருக்கிறது. டேங்க் தண்ணீரோடு போகிற நோய்க் கிருமிக்கு ஜோடிகூடத் தேவையில்லை.

இதெல்லாம் நான் அன்றைக்கு இவ்வளவு கோர்வையாகப் பேசவில்லை. ஆயாவுக்கு அராபைமா தெரியாது. கூட்டத்தைத்தான் ஒரு சுற்று பார்த்தது. "சரி, மூடு" என்று தம்பியிடம் சொன்னது. அப்புறம் ஆற்றில் பொரி போட்டது. போட்டுவிட்டு, மூடியைக் கொஞ்சம் தூக்கி டப்பாவுக்குள்ளும் ரெண்டு பொரி போட்டது. சக்கர் அதைச் சீண்டவே இல்லை.

விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன், அப்ப என்ன பண்றது? அந்தக் கேள்விதான் மூணு வாரம் என்னைப் படுத்தியது. வாங்கின கடையில் "பெரிய சக்கர்லாம் எடுக்கறதில்லம்மா" என்றார்கள். கடைசியில் நாமக்கல்லில் ஆறடி டேங்க் வைத்திருக்கிற ஒரு ஹோட்டல்காரர் வாங்கிக்கொண்டார். 20 லிட்டர் வாட்டர் கேனின் கழுத்தை அறுத்து, அதில் சக்கரை வைத்து, 70 வளைவும் இறங்கினேன். கோல்ட்ஃபிஷ் ரெண்டையும் அத்தை வீட்டு சிமெண்ட் தொட்டிக்கு மாற்றினோம். இன்றுவரை நன்றாக இருக்கின்றன, கையகலம் ஆகிவிட்டன.

காலி டேங்கை ஒரு மாசம் சும்மா ஓட விட்டேன். ஃபில்டர் மட்டும் ஓடும், தம்பி தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுவான், பாக்டீரியாவுக்கு. "இல்லாத மீனுக்குச் சோறு போடறான்"னு வீட்டில் சிரித்தார்கள். அந்த நேரத்தில் நான் தேடினது ஒரே விஷயம்: ஹீட்டர் இல்லாமல், மென்மையான தண்ணீரில், 45 லிட்டரில், வளர்ந்த பிறகும் இடம் போதுகிற மீன் எது? இப்படிக் கேட்டால் கடையில் இருக்கிற முக்கால்வாசி மீன் கண்ணை விட்டு மறைந்துவிடும். ஃபைட்டர் போச்சு, அதற்குச் சூடு வேண்டும். கௌராமி போச்சு. ஆஸ்கர் எல்லாம் பேச்சுக்கே இல்லை.

மிஞ்சியதில் முதலாவது ஸீப்ரா டேனியோ. நம்ம நாட்டு மீன்தான். கங்கைப் பக்கத்து மீன்களைப் பற்றி 1822-இல் ஹாமில்டன் எழுதிய புத்தகத்தில்தான் முதலில் பதிவானது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கிறது. வளர்ந்தாலும் ரெண்டு இஞ்ச் தாண்டாது, 18 டிகிரியிலும் ஓடும். ஓட்டம் என்றால் சும்மா இல்லை, அதனால் நீள வாட்டு டேங்க் வேண்டும், ஆறுக்குக் குறையாமல் வேண்டும். குறைந்தால் ஒன்றையொன்று துரத்தும்.

இன்னொன்று ஒயிட் கிளவுட் மின்னோ. சீனாவில் குவாங்சோ பக்கத்தில் இருக்கிற வெண்மேக மலை ஓடையில் கண்டெடுத்து, 1932-இல் பெயர் வைத்தார்கள். மலை ஓடைக் குளிருக்குப் பழகின மீன், ஒன்றரை இஞ்ச். டேனியோவோடு ஒத்துப்போகும். பின்னாளில் அந்த மலையில் அது அற்றுப்போனது. உலகத்திலேயே காட்டில் இல்லை என்று நினைத்திருந்தார்கள், அப்புறம் வேறு சில இடங்களில் கண்டுபிடித்தார்கள். அதாவது ஒரு காலத்தில் சொந்த ஓடையில் இருந்ததைவிட நம்ம மாதிரி ஆட்களின் கண்ணாடிப் பெட்டியில் அதிகமாக இருந்த மீன். எங்கள் டேங்க் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இது அடிக்கடி ஞாபகம் வரும்.

டேனியோ ஏழு, ஒயிட் கிளவுட் ஆறு. முதலில் டேனியோ மட்டும் விட்டு, மூணு வாரம் கழித்து மற்றது. அடியில் ஓடுகிற மீன் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று கை அரித்தது உண்மை. கோரிடோரஸில் குளிர் தாங்குகிற வகை இருக்கிறது, ஆனால் அதையும் அஞ்சாறு சேர்த்து வாங்கணும், 45 லிட்டரில் இடமில்லை. பாசியைத் தம்பி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறான். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறான். அந்தத் தண்ணீரை ஆயா மிளகுக் கொடிக்கு ஊற்றுகிறது. ஓடைப் பக்கம் கொட்டுவதில்லை.

போன மார்கழி முழுக்க ஹீட்டர் பெட்டியிலேயே இருந்தது. ஒரு மீனும் போகவில்லை.

ரெண்டு வாரம் முன்னாடி தம்பி போன் பண்ணினான். சேலம் போனானாம். கடையில் குட்டி ஷார்க் ஜோடி 60 ரூபாயாம், வெள்ளி மாதிரி மின்னுதாம். ஹோட்டலில் பாசான்னு ஃப்ரை சாப்பிடறோமே, அநேகமாக அதோட குட்டிதான் அது. மூணடிக்கு மேலேயும் வளரும்.

"எவ்ளோ பெருசாகும்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்க்கா. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாரு."

"அப்புறம்?"

"நான் எங்க டேங்க் எவ்ளோன்னு கைய விரிச்சுக் காட்டினேன். சிரிச்சிட்டு, அவரே திரும்பத் தொட்டியில விட்டுட்டாரு."